லோரி வராத சாலையில் ஓர் அறிவியல் பாடம்



சென்ற வருடம் இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் கையில் மாவுக்கட்டோடு வகுப்புக்கு வந்தான். டியூசனுக்கு மிதிவண்டியில் போகும்போது பெரிய சாலையில் விழுந்துவிட்டானாம். "லோரி இடிச்சிருச்சா?" என்று கேட்டேன். "இல்ல சார், பக்கத்துல போச்சு, அவ்வளவுதான். யாரோ என்னைப் புடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு" என்றான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால், அவன் சொன்னது உண்மை.

வேகமாக வரும் லோரி தன் முன்னால் இருக்கும் காற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தக் காற்று முதலில் மிதிவண்டியைச் சாலையோரமாகத் தள்ளும். லோரியின் நடுப்பகுதி நம்மைக் கடக்கும்போது, இடையில் உள்ள காற்று வேகமாக ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. உடனே மிதிவண்டி லோரியின் பக்கம் இழுக்கப்படுகிறது. ஒரு தள்ளல், ஒரு இழுவை; இரண்டும் சில நொடிகளுக்குள் முடிந்துவிடும். தள்ளலைச் சமாளிக்க ஹேண்டலைத் திருப்பியவன், இழுவை வரும்போது நிலை தடுமாறுகிறான். லோரியின் வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

அதற்குப் பிறகு அந்தப் பையனின் அம்மா மிதிவண்டியை ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் பயம் நியாயமானது. ஆனால், மிதிவண்டியே வேண்டாம் என்பதுதான் ஒரே பதிலா? ஓட்டும் இடத்தை மாற்றலாமே!

தோட்டத்துச் சாலை

நான் பிறந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. மிதிவண்டியின் பின்னால் இரண்டு வாளி கட்டி, பாலை நிரப்பிக்கொண்டு பால் கொட்டாய்க்குப் போவார். வாளிக்கு 20 லிட்டர் என்றால் ஏறக்குறைய 40 கிலோ சுமை. கியர் கிடையாது. மேட்டில் இறங்கித் தள்ளுவார்.

இன்று அந்தத் தோட்டத்தில் லயங்கள் இல்லை. பாதி நிலம் செம்பனை ஆகிவிட்டது. ஆனால், செம்மண் சாலை இன்னும் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு, மாணவர்கள் சிலரை அங்கே அழைத்துப் போகிறேன். ஒரு பக்கம் சுண்ணாம்புக் குன்று, கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், நடுவில் நாங்கள். ஹார்ன் சத்தமே இல்லை.

தோட்டத்துச் சாலைகளில் ஒன்றைக் கவனித்தால் தெரியும். அவை பெரும்பாலும் மேட்டில் நேராக ஏறாமல், குன்றைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். சரிவான நிலத்தில் ரப்பர் மரங்களைப் படிப்படியாக, ஒரே உயரக் கோட்டில் நட்டார்கள். சாலையும் அந்தக் கோட்டை ஒட்டியே போனது. பால் சுமக்கிறவனுக்கு அதுதான் வசதி. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மேடு ஏறும் கணக்கு

உங்கள் எடை 55 கிலோ, மிதிவண்டியும் பையும் 15 கிலோ. மொத்தம் 70 கிலோ. 100 மீட்டர் உயரம் ஏற வேண்டும். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால், செய்ய வேண்டிய வேலை 70 × 10 × 100 = 70,000 ஜூல். நேராக ஏறினாலும் சுற்றி ஏறினாலும் இதில் மாற்றமில்லை.

மாறுவது விசைதான். 100 மீட்டர் தூரத்துக்கு 10 மீட்டர் உயரும் சாலையில், புவியீர்ப்பு உங்களைப் பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 70 நியூட்டன். 100 மீட்டருக்கு 3 மீட்டர் மட்டும் உயரும் சாலையில் அது 21 நியூட்டன்தான். முதல் சாலை 1 கிலோமீட்டரில் முடிந்துவிடும், இரண்டாவது 3.3 கிலோமீட்டர் நீளும்.

இன்னொன்றும் உண்டு. நிதானமாக மிதிக்கும் ஒருவர் 100 வாட் ஆற்றல் தருகிறார் என்று கொள்வோம். உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், செங்குத்தான சாலையில் அவர் மணிக்கு 5 கிலோமீட்டர்தான் போக முடியும். அந்த வேகத்தில் மிதிவண்டி ஆடும், நிலைநிறுத்துவது கடினம். அப்பா இறங்கித் தள்ளியதன் காரணம் இதுதான். சாய்வு குறைந்த சாலையில் அதே மனிதர் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம்.

கியர் செய்வதும் இதே வேலைதான். முன்சக்கரப் பல் 32, பின்சக்கரப் பல் 16 என்றால், ஒரு முறை மிதித்தால் டயர் இரண்டு முறை சுற்றும், சுமார் 4.2 மீட்டர் போவீர்கள். பின்னால் 32 பல்லுக்கு மாற்றினால் 2.1 மீட்டர்தான். தூரம் பாதி, காலுக்கு வேண்டிய விசையும் பாதி. கியர் ஆற்றலைத் தருவதில்லை. விசையைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டுகிறது, அவ்வளவே.

பிரான்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் பழைய எரிமலைகள் நிறைந்த மலைப்பகுதி ஒன்று உண்டு. அங்கே சில இடங்களில், ஓட்டம் நின்றுபோன இரயில் தடங்களை மிதிவண்டிப் பாதைகளாக மாற்றியிருக்கிறார்கள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால், இரயில் பாதையைச் செங்குத்தாகப் போட முடியாது. அதனால் மலைநாட்டிலும் குழந்தைகள் ஓட்டக்கூடிய பாதை கிடைத்துவிட்டது. நம் பேராக்கிலும் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை இரயில் ஓடியது. அதுதான் மலாய் மாநிலங்களின் முதல் இரயில் பாதை. அந்தத் தடம் இன்று இல்லை. ஆனால், நம்மிடம் தோட்டத்துச் சாலைகள் இருக்கின்றன.

பேராக்கில் எரிமலை உண்டா?

போன மாதம் ஓய்வெடுக்க நின்றபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், இங்க எரிமலை இருக்கா? அப்புறம் எப்படி தம்புன்ல வெந்நீர் ஊத்து வருது?"

உயிருள்ள எரிமலை இங்கே இல்லை. ஆனால், எரிமலையின் உறவினர் நிறைய பேர் இருக்கிறார்கள்.

முதல் உறவினர் கருங்கல். தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பூமிக்கு அடியில் உருகிய பாறைக்குழம்பு மேலே வராமல் உள்ளேயே மெதுவாக ஆறியது. மெதுவாக ஆறியதால் படிகங்கள் பெரிதாக வளர்ந்தன. கருங்கல்லில் வெள்ளை, சாம்பல், கறுப்புப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிவது அதனால்தான். கிந்தா பள்ளத்தாக்கை உலகறியச் செய்த ஈயமும் இந்தக் கருங்கல்லோடு வந்ததே.

இரண்டாவது வெந்நீர் ஊற்று. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழமாக இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடும். சூடான நீர் வேறொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. தம்புனிலும், சுங்கையில் உள்ள சுங்கை கிளாவிலும் வெந்நீர் வர எரிமலை தேவையில்லை.

மூன்றாவது உறவினர் தூரத்திலிருந்து வந்தவர். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தது. இன்றைய தோபா ஏரி அந்த வெடிப்பு விட்டுச்சென்ற பள்ளம். அதன் சாம்பல் கடலைத் தாண்டிப் பறந்து வந்து, 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள நம் லெங்கோங் பள்ளத்தாக்கில் படிந்தது. கோத்தா தம்பானில் ஆதிமனிதர்களின் கல் ஆயுதங்களோடு அந்தச் சாம்பலும் கிடைத்தது. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் உலகப் பாரம்பரிய இடமானது.

சுண்ணாம்புக் குன்று இந்தக் குடும்பமில்லை. அது பழைய கடலின் அடியில், சிப்பி போன்ற உயிரினங்களின் ஓடுகள் படிந்து உருவானது. மலைத்தொடரின் கருங்கல்லைவிட வயதில் மூத்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெலிந்த அமிலமாகிறது. அது சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. ஈப்போவின் குகைக்கோயில்கள் எல்லாம் அப்படிக் கரைந்த இடங்களில் உள்ளவை. கீழே கிடக்கும் கல் துண்டில் சில துளி வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, கருங்கல் நுரைக்காது. குகைக்குள் எதையும் உடைக்காதீர்கள்.

யாருடைய சாலை?

1877-இல் குவாலா கங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாக இன்றும் நிற்கிறது. 1888-இல் டன்லப் காற்றடைத்த மிதிவண்டி டயரைக் கொண்டுவந்தார். அதன் பிறகு உலகம் ரப்பரைத் தேடியது. நம் தாத்தா, பாட்டிகள் பால் வெட்டினார்கள். உலகம் எங்கும் மிதிவண்டிகள் மெத்தென்று ஓடியதில் அவர்களின் உழைப்பும் உண்டு.

இப்போது தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகின்றன, சாலைகள் மறைகின்றன. குன்றுகளைச் சிமெண்டுக்கும் பளிங்குக்கும் வெட்டுகிறார்கள். சிமெண்ட் நமக்கு வேண்டும்தான். ஆனால், கோடிக்கணக்கான ஆண்டுகள் நின்ற குன்றைச் சில பத்தாண்டுகளில் வெட்டித் தீர்த்தால், அது திரும்ப வளராது. எதை வெட்டலாம், எதை விடலாம் என்று நாளை முடிவு செய்யப்போகிறவர்கள் நீங்கள். அதற்கு முன் ஒரு முறையாவது அவற்றைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

போவதற்கு முன் சில விஷயங்கள். தோட்டத்துச் சாலை தனியார் நிலம். அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். பெரியவர் ஒருவர் கூட வரட்டும். செம்பனைக் குலை ஏற்றும் நாளிலும் மருந்து தெளிக்கும் நாளிலும் போகாதீர்கள். மழை பெய்தால் செம்மண் வழுக்கும். பிரேக்கும் தாமதமாகப் பிடிக்கும். தலைக்கவசம் கட்டாயம்.

செய்து பாருங்கள்: உயரம் தெரிந்த ஒரு மேட்டைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசியின் உயரமானி போதும். ஏற எத்தனை நொடி ஆகிறது என்று குறியுங்கள். (மொத்த எடை × 10 × உயரம்) ÷ நொடி. இதுதான் நீங்கள் தந்த ஆற்றல், வாட் கணக்கில். அடுத்த முறை கியரை மாற்றி ஏறுங்கள். எண் மாறுகிறதா?

கை உடைந்த அந்த மாணவன் இப்போது எங்களோடு வருகிறான். பெரிய சாலையில் அவன் அம்மா இன்னும் விடுவதில்லை. தோட்டத்து மேட்டில் அவன் எடுத்தது 92 வாட். என்னுடையதைச் சொல்ல மாட்டேன், அவனைவிடக் குறைவு.