நைரோபி – மொம்பாசா: வானில் முக்கால் மணி நேரம்

மொம்பாசாவிலிருந்து நைரோபி எவ்வளவு தூரம் என்று 1895-இல் கேட்டிருந்தால் யாருக்கும் விளங்கியிருக்காது. நைரோபி என்ற நகரமே அப்போது இல்லை. மாசாய் மக்கள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய சதுப்பு நிலம்தான் இருந்தது. மொம்பாசாவோ அரபு வணிகர்களையும் போர்த்துகீசியக் கோட்டையையும் கண்ட பழைய துறைமுகம். அங்கிருந்து உள்நாட்டுக்குச் சுமை தூக்கிப் போனவர்கள் முதலில் அஞ்சியது, தண்ணீரே இல்லாத தாரு முட்காட்டை.

1896-இல் ஆங்கிலேயர் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, ஒப்பந்தக் கூலிகளாக 30,000-க்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். விக்டோரியா ஏரியை எட்டி வேலை முடிவதற்குள் ஏறத்தாழ 2,500 பேர் மாண்டார்கள். 1898-இல் சாவோ ஆற்றுப் பாலத்தருகே கூடாரங்களிலிருந்து ஆட்களை இழுத்துப்போன இரண்டு சிங்கங்கள்தான் கதையில் நின்றுவிட்டன. பாடம் செய்த அவற்றின் உடல்களைச் சிகாகோ அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். கூலிகளை அதிகம் கொன்றது காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். அதையெல்லாம் யார் காட்சிக்கு வைப்பார்கள்?

1899 மே மாதம் தண்டவாளம் அந்தச் சதுப்பைத் தொட்டது. மேட்டு நிலத்தில் ஏறுமுன் பணிமனை போட ஏற்ற சமதளம், பக்கத்திலேயே தண்ணீர். நகரம் அப்படித்தான் முளைத்தது.

பிறகு நெடுங்காலம் நைரோபி – மொம்பாசா என்றால் ரயிலில் ஓர் இரவுப் பயணம். மாலையில் நைரோபியில் ஏறினால், வழியில் எதுவும் பழுதாகாவிட்டால், காலையில் கடற்கரை. அந்த மீட்டர் பாதை ரயில் கடைசிக் காலத்தில் நேரத்துக்கு வந்தால்தான் செய்தி.

விமானத்தில் இன்று நேர்க்கோட்டுத் தூரம் 430 கிலோமீட்டர் அளவு. அட்டவணை ஒரு மணி நேரம் என்று சொல்லும். வானில் இருப்பது முக்கால் மணிதான். மொம்பாசா போகும்போது வலப்பக்க ஜன்னல் கேட்டு வாங்குங்கள். மேகம் விலகினால் கிளிமஞ்சாரோ தெரியும். தாரு எப்போது கடந்தது என்று மட்டும் தெரியாது.

ஜெட் வந்தபின் அந்த முக்கால் மணி அதற்குக் கீழே இறங்கவில்லை. வளர்ந்ததெல்லாம் முன்னும் பின்னும்தான்: நைரோபியில் விமான நிலையம் போகும் மொம்பாசா ரோடு நெரிசல், சோதனை வரிசை, காத்திருப்பு. நைரோபியில் 2022-இல் திறந்த 27 கிலோமீட்டர் கட்டணச் சாலை இந்தப் பயணத்தில் மிச்சப்படுத்திய நேரத்தைப் புதிய விமானம் எதுவும் மிச்சப்படுத்தவில்லை என்பேன்.

சீனக் கடனில் கட்டி 2017-இல் ஓடத் தொடங்கிய எஸ்.ஜி.ஆர். (ஸ்டாண்டர்ட் கேஜ்) ரயில் ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஓடுகிறது. ஆனால் ரயிலும் விமானத்தைப் போலாகிவிட்டது: நிலையங்கள் இரண்டும் ஊருக்கு வெளியே, முன்கூட்டியே போக வேண்டும், பைகளை வரிசையாக வைத்துவிட்டு மோப்ப நாய் முகர்ந்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். சாவோவில் பாதை மேடேறிப் போகிறது. யானைகள் அதன் அடியில் கடக்கின்றன.

பேருந்துக்காரர்களுக்கு இன்றும் 480 கிலோமீட்டர்தான்; எட்டு மணி நேரம், லாரிகள் மறித்தால் பத்து. நடுவழியில் ம்டிட்டோ அன்டேயில் இறங்கிச் சாப்பிட்டுக் கைகால் நீட்டிவிட்டு ஏறுகிறார்கள். அந்த ஊர் பிழைப்பது அவர்களாலும் லாரிக்காரர்களாலும்தான்.