பனிமூட்ட விளக்குகள்: பொய் சொல்லும் பச்சைப் புள்ளி

குளிர்காலம் வந்தால் வட இந்தியாவில் கூடுதல் விளக்கு பொருத்தும் தொழில் சூடுபிடிக்கிறது. ஒயரிங் சரியில்லாவிட்டால் வண்டியும்தான்.

டிசம்பர் பிறந்ததும் தில்லி கரோல் பாக் கார் கடைகளின் வாசலில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வண்டிகள் நிற்கத் தொடங்கிவிடும். பஞ்சாப் முதல் பீகார் வரை சமவெளியைப் பனி மூடும் இரண்டு மாதங்கள்தான் ஃபாக் லைட் பொருத்துபவர்களுக்கு அறுவடைக் காலம். 165 கி.மீ. நீள யமுனா எக்ஸ்பிரஸ் சாலையில் 2017 நவம்பரில் புகைப்பனிக்குள் கார்கள் அடுத்தடுத்து மோதிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பயம் நியாயமானது. அதற்காகத் தேடும் மருந்துதான் பல சமயம் புது வியாதியாகிவிடுகிறது.

ஒரு ஜோடி விளக்கு, ஒரு சுவிட்ச், சில மீட்டர் ஒயர். பேட்டரியிலிருந்து ஒயரை இழுத்து, டாஷ்போர்டில் துளை போட்டு சுவிட்சைச் சொருகி, அங்கிருந்து பம்பருக்குக் கொண்டுபோய், இணைப்புகளை முறுக்கிக் கருப்பு டேப் சுற்றினால் வேலை முடிந்தது. விளக்கு எரிகிறது. வாடிக்கையாளர் திருப்தியாகக் கிளம்புகிறார்.

கணக்குப் போட்டால் திருப்தி குறையும். 12 வோல்ட் காரில் 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு என்றால் 110 வாட். அதாவது சுமார் 9 ஆம்பியர். மலிவான சுவிட்சுகள் பலவற்றுக்கு அதைத் தாங்கும் தெம்பு கிடையாது. உள்ளே இருக்கும் தகடுகள் தீய்ந்து, பிளாஸ்டிக் இளகி, ஒருநாள் சுவிட்ச் அணைக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும். ஒயர் மெல்லியதாக இருந்தால் வோல்டேஜ் வழியிலேயே கரைந்து, வெள்ளையாக எரிய வேண்டிய பல்பு மஞ்சளாக மங்கும். இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் ஒயர் உரசிக்கொண்டிருந்து, பேட்டரி அருகே ஃப்யூஸும் இல்லாவிட்டால் தீ பிடிக்க வேறு காரணம் தேவையில்லை.

இத்தனைக்கும் பரிகாரம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரிலே. டாஷ்போர்டு சுவிட்ச் ரிலேயின் காயிலை மட்டும் இயக்குகிறது. அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம். விளக்குக்குப் போகும் கனமான மின்சாரம் பேட்டரி, ஃப்யூஸ், ரிலே, பல்பு என்று பானெட்டுக்குள்ளேயே குறுகிய பாதையில் போய்விடும். ரிலேயின் கால்களில் எண்களே எழுதியிருக்கின்றன: 30 பேட்டரிக்கு, 87 விளக்குக்கு, 86 சுவிட்சுக்கு, 85 எர்த்துக்கு. ஐந்து கால் ரிலே வாங்கி, நடுவிலுள்ள 87ஏ என்ற காலில் விளக்கை மாட்டினால் வேடிக்கை: சுவிட்சை அணைத்தால்தான் விளக்கு எரியும்.

ரிலேவை ஒப்புக்கொள்ளும் கடைக்காரர்கள்கூட அலட்சியம் செய்வது சுவிட்சில் மினுங்கும் அந்தச் சின்ன விளக்கை. முன்பக்கப் பனிமூட்ட விளக்குக்குப் பச்சை, பின்பக்கத்துக்கு ஆம்பர், ஹைபீமுக்கு நீலம் என்று வாகன உலகம் நிறம் வகுத்திருப்பது அலங்காரத்துக்காக அல்ல. ஓட்டுநர் தன் வண்டியின் முகத்தைப் பார்க்க முடியாது. எதிரில் வருபவரின் கண்ணில் என்ன பாய்கிறது என்பதை அவருக்குச் சொல்ல அந்தப் புள்ளி மட்டும்தான் இருக்கிறது.

விளக்கு பதித்த சுவிட்சுக்கு மூன்று கால்கள்: ஒன்று மின்சாரம் வர, ஒன்று போக, ஒன்று உள்விளக்கின் எர்த்துக்கு. எர்த் கொடுக்க மறந்தால் பம்பர் விளக்கு எரியும், புள்ளி எரியாது. வெளியே போகும் காலையும் எர்த் காலையும் மாற்றி மாட்டினால் சுவிட்சைத் தட்டிய கணமே ஃப்யூஸ் போகும். சரியாக மாட்டினாலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் புள்ளி சொல்வது சுவிட்ச் போடப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே. விளக்கின் ஃப்யூஸ் போயிருக்கலாம், ரிலே செத்திருக்கலாம். பச்சை மட்டும் பளிச்சென்று எரியும். ரிலேயின் தகடுகள் ஒட்டிக்கொண்டால் நேர் எதிர்: புள்ளி அணைந்திருக்கும், விளக்கு எதிரே வருபவரைக் குருடாக்கிக்கொண்டிருக்கும். ரிலேயின் 87-வது காலிலிருந்து தனி ஒயர் எடுத்து, சின்ன ஃப்யூஸ் ஒன்றின் வழியாக டாஷ்போர்டில் ஒரு பச்சை விளக்குக்குக் கொடுத்தால் இந்த இரண்டு பொய்களும் நிற்கும். பல்பே ஃப்யூஸ் ஆனால் அதுவும் சொல்லாது என்பது வேறு விஷயம். அதற்கு இறங்கிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

சுவிட்சுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து எடுத்தால், அதை அணைத்ததும் ஃபாக் லைட்டும் அணையும். நேராகப் பேட்டரியிலிருந்து எடுத்துவிட்டு அணைக்க மறந்தால், 35 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு மணி நேரத்தில் காலி. தூரத்துக்கு வெளிச்சம் பாய்ச்சும் டிரைவிங் லைட்டாக இருந்தால் ஹைபீம் ஒயரிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்போதுதான் டிம் செய்ததும் அதுவும் சேர்ந்து அணையும். பனிமூட்டத்தில் அந்த விளக்கால் பயனே இல்லை. பனித்துளிகளில் பட்டு வெளிச்சம் ஓட்டுநர் மீதே திரும்பும். ஃபாக் லைட் தாழ்வாக, அகலமாக, மேல்விளிம்பு வெட்டினாற்போல வெளிச்சம் போடுவது அதனால்தான். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன.

நாமக்கல்லிலிருந்து வடக்கே போகும் லாரிகளில் பிரச்சினை இரட்டிப்பு. அங்கே 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையில். கார் கடையில் வாங்கிய விளக்கை ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் இணைத்துவிடுவது பழைய தந்திரம். அந்த பேட்டரி பட்டினி கிடக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறும். சீக்கிரமே இரண்டும் போகும். 12 வோல்ட் எல்ஈடி புள்ளியை 24 வோல்ட்டில் மாட்டினால் அதன் ஆயுள் வெகுவாகக் குறையும்.

சட்டம் இதையெல்லாம் பார்க்கிறதா? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 111-வது விதி, முன்புறத்தில் ஸ்பாட் லைட், சர்ச் லைட் கூடாது என்கிறது; விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டும், அதுவும் பதிவு அதிகாரியின் முன் அனுமதியோடு. விதி இருந்தும் லாரிகளின் கூரையில் எல்ஈடி பட்டைகள் ஜொலிக்கின்றன. சோதனையில் நிறுத்தினாலும் வெளியே தெரியும் விளக்கைத்தான் எண்ணுவார்கள். டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்து ஒயரைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. லாரிகள் முகத்தில் ஆறு விளக்குகளுடன் சுங்கச் சாவடியைக் கடந்து போகின்றன, முதுகில் 'யூஸ் டிப்பர் அட் நைட்' என்று பிறருக்கு எழுதி வைத்த அறிவுரையுடன்.