கதவைத் திறப்பதா, தாழிடுவதா?

காலையில் குழந்தையைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பிய தாய், மாலையில் அது வீடு திரும்பும் வரையில் அதை உபாத்தியாயரின் பொறுப்பில் விட்டிருக்கிறாள். அந்த உபாத்தியாயருக்குக் கணக்கும் இலக்கணமும் கற்பிக்கப் பயிற்சி உண்டு. ஆனால் திடீரென்று ஓர் அபாயம் நேர்ந்தால் நாற்பது குழந்தைகளை எந்த வழியாக, எந்த வரிசையில், எங்கே அழைத்துச் செல்வது என்பதற்குப் பயிற்சி உண்டா? இந்தக் கேள்வியை இங்கிலாந்து தேசத்துப் பள்ளிகளின் முன்னே ஒரு புதிய சட்டம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

2017ஆம் ஆண்டு மே மாதம் 22ந் தேதி இரவு, மான்செஸ்டர் நகரில் சங்கீதக் கச்சேரி முடிந்து ஜனங்கள் வெளியேறிக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு பயங்கரவாதி வெடிகுண்டை வெடிக்கச் செய்தான். 22 பேர் மாண்டனர். அவர்களுள் சிறுமிகளும் இருந்தனர். மார்ட்டின் ஹெட் என்ற 29 வயது வாலிபரும் ஒருவர். அவருடைய அன்னை பீகன் மரே அம்மையார், துக்கத்தோடு வீட்டில் முடங்கிவிடவில்லை. ஜனங்கள் கூடும் இடங்களின் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 2024ஆம் ஆண்டில் மான்செஸ்டரிலிருந்து லண்டன் வரை நடந்தே சென்று முறையிட்டார். 2025 ஏப்ரல் 3ந் தேதி அச்சட்டம் மன்னரின் சம்மதத்தைப் பெற்றது. ஜனங்கள் அதை ‘மார்ட்டின் சட்டம்’ என்றே வழங்குகின்றனர். ஆயத்தம் செய்துகொள்ளக் குறைந்தது 24 மாதங்கள் அவகாசம் விடுவதாகச் சர்க்கார் அறிவித்தது.

நான்கு ஏற்பாடுகள்

ஒரே சமயத்தில் 200 பேருக்குக் குறையாமல் கூடக்கூடிய இடங்களை இச்சட்டம் கட்டுப்படுத்துகிறது. 800 பேருக்குக் குறையாமல் கூடக்கூடுமானால் கடமைகள் கடினமாகின்றன. கண்காணிப்பு முதலிய காரியங்களும் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள் படித்தாலும் எளிய கடமைகளே போதுமென்று விலக்கு அளித்திருக்கிறார்கள். சர்வகலாசாலைகளுக்கு இந்த விலக்கு இல்லை.

எளிய கடமைகள் நான்கு. அபாயம் உள்ளே இருந்தால் எல்லோரையும் வெளியேற்றுவது ஒன்று. அபாயம் வெளியே இருந்தால் உள்ளே பத்திரமான இடத்தில் ஒதுக்குவது மற்றொன்று. வாயில்களைத் தாழிட்டு அடைப்பது மூன்றாவது. நடப்பது இன்னதென்று எல்லோருக்கும் உடனே அறிவிப்பது நான்காவது. விலையுயர்ந்த கருவிகள் எவற்றையும் சட்டம் இப்பள்ளிகளிடம் கேட்கவில்லை. அது கேட்பது முன்யோசனையும் பழக்கமும்தான்.

சொல்லும்போது சுலபமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தீப்பிடித்தால் கதவுகள் திறந்திருக்க வேண்டும். கொலைகாரன் வந்தால் மூடியிருக்க வேண்டும். மணி அடித்தவுடன் மைதானத்துக்கு ஓடப் பழகிய பிள்ளைகள், அபாயம் மைதானத்திலேயே இருக்கும்போதும் அதே மணியைக் கேட்டால் அங்கேதானே ஓடுவார்கள்? ஆகையால் இரண்டு அபாயங்களுக்கும் இரண்டு விதமான அறிவிப்பு வேண்டும். வெளியிலிருந்து வருபவனைத் தடுக்கும் தாழ், உள்ளே இருப்பவர் வெளியேறுவதைத் தடுக்கலாகாது.

கும்பகோணம் கற்பித்த பாடம்

வெளியேற வழியில்லாத பள்ளிக்கூடம் என்னவாகும் என்பதை நாம் கடல் கடந்து சென்று தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறையில் மூண்ட தீ, கூரைக் கொட்டகையைப் பற்றிக்கொண்டது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. 94 பச்சிளங்குழந்தைகள் மாண்டனர். அதற்கு முன்பே, 1995 டிசம்பர் 23ந் தேதி ஹரியானாவிலுள்ள டப்வாலியில் பள்ளி விழாப் பந்தல் தீப்பற்றி 400க்கு மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். எட்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் அந்தப் பாடத்தை நாம் படிக்கவில்லை என்பதைக் கும்பகோணம் காட்டிற்று.

2009 ஏப்ரல் 13ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தனர். கல்வி பெறும் உரிமையில் பத்திரமான பள்ளியில் கல்வி பெறும் உரிமையும் அடங்கும் என்றனர். தேசியக் கட்டட விதிகளின்படி பத்திரமானதென்று தெரிந்தாலன்றி எந்தப் பள்ளிக்கும் அங்கீகாரம் கூடாது; ஆறு மாதங்களுக்குள் எல்லாப் பள்ளிகளிலும் தீயணைக்கும் கருவிகளை வைக்க வேண்டும்; அவற்றைக் கையாள ஆசிரியர்களும் சிப்பந்திகளும் பழக வேண்டும் என்று கட்டளையிட்டனர். ஆகவே சட்டத்துக்கு நம் நாட்டில் குறைவில்லை.

குறை எங்கே இருக்கிறதென்றால், சட்டத்தைக் காகிதத்தோடு நிறுத்திவிடும் வழக்கத்தில் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் வரும் தினத்தில் தீயணைக்கும் குழாய் துடைக்கப்பட்டு மினுமினுக்கும். அதன் ஊசியை எந்தப் பக்கம் இழுப்பது என்று கேட்டால், ஆசிரியர் அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். பின்வாசலின் சாவி தலைமை ஆசிரியரின் மேஜை அறையில் இருக்கும். மேஜை அறையின் சாவியோ அவருடைய சட்டைப் பையில் இருக்கும். அவர் லீவு எடுத்த நாளில்தான் தீப்பிடிக்கக் கூடாதென்று யார் உத்தரவிட முடியும்?

ஆயத்தம் என்பது இத்தகைய சிறு கேள்விகளுக்கு விடை காண்பதுதான். ஒவ்வொரு கதவுக்கும் பொறுப்பாளி யார்? அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார்? நடக்க இயலாத பிள்ளையைத் தூக்கிச் செல்பவர் யார்? மைதானத்தில் நிற்கும் பிள்ளைகளை ஆஜர்ப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணுபவர் யார்? கலாசாலைகளில் வேலை இன்னும் கடினம். அங்கே வாயில்கள் பல; மாணவர்கள் வரிசையில் நிற்பவர்கள் அல்லர்; ரசாயனசாலையும் விடுதியும் தனித்தனி அபாயங்களை உடையவை.

இளங்குழந்தைகளிடம் இதையெல்லாம் சொல்லி அச்சமூட்டலாமா என்று சில பெற்றோர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். குண்டையும் கொலையையும் குழந்தைகளிடம் வர்ணிக்க வேண்டியதில்லை. சாலையைக் கடக்கக் கற்பிக்கும்போது லாரியில் அடிபட்டவனின் கதையையா சொல்கிறோம்? கையைப் பிடித்து நடத்தியே பழக்குகிறோம். அதுபோல, ஒவ்வொரு பருவத்திலும் ஒரு முறை அமைதியாக எழுந்து, புத்தகப் பையை எடுக்காமல், வரிசையாக இறங்கப் பழக்கினால் போதும். பயம் விலகுவது பழக்கத்தினால்தான்.

அடுத்த முறை பள்ளிக்கூடத்துக்குச் செல்லும் பெற்றோர், பரீட்சை மார்க்கைப் பற்றி விசாரிப்பதோடு இன்னொன்றையும் விசாரிக்கட்டும்: “இந்த வகுப்பிலிருந்து வெளியே போக இரண்டாவது வழி எது?” பதில் சொல்ல உபாத்தியாயர் தயங்கினால் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வழியைத் தேடுங்கள். அது பூட்டியிருந்தால் சாவி எங்கே என்று கேளுங்கள். சட்டம் அமலுக்கு வரும் தேதிக்காக அந்தச் சாவி காத்திருக்க வேண்டியதில்லை.