உள்ளே விட்டுவிட்டார்கள்!

கம்பளையிலிருந்து கண்டிக்குப் போகும் வீதியில் இந்த மாதிரிக் கடையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முன்னால் செவ்வரத்தை, போகன்விலா, அந்தூரியம் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக நிற்கும். பின்னால் ஒரு கறுப்பு நிழல் வலை. அந்த வலைக்குள்ளிருந்து எப்போதும் சிரிப்புச் சத்தம் வரும். செடி விற்கிற இடத்தில் அப்படி என்ன சிரிப்பு என்று எனக்கு எவ்வளவு நாள் ஆசை! சித்திரை வருடப் பிறப்பு நெருங்குகிற நேரத்தில் கடைக்கார நானாவே சொல்லிவிட்டார்: "விடியவே வாங்க தங்கச்சி. கடை திறக்க முந்தி வந்தாத்தான் வேலையப் பார்க்கலாம்."

வந்தாயிற்று. நீங்களும் வாருங்கள். செருப்பை இங்கேயே விட்டுவிடுங்கள், உள்ளே சேறு. கையில் கொஞ்சம் உப்பு இருக்கட்டும், அட்டை ஏறும்.

அடேயப்பா, என்ன சாமான்! யோகட் கப்புகளில் குரோட்டன் துண்டுகள் வேர்விட்டு நிற்கின்றன. பெயின்ட் வாளிகளில் அரலியாக் கிளைகள். ஓட்டை விழுந்த ரைஸ் குக்கர் சட்டியில் யாரோ ஹைட்ரேஞ்சியா நட்டிருக்கிறார்கள், அது நீலமாகப் பூத்துக் கிடக்கிறது. மலைநாட்டு மண்ணின் புளிப்புத்தன்மைதான் அந்த நீலத்தைக் கொடுக்கிறது. பெயர் எழுதுவதற்கு ஐஸ்கிரீம் குச்சிகள். பாதிக் குச்சியில் மழை எழுத்தை அழித்துவிட்டது. அதற்காக யாரும் கவலைப்படவில்லை. "இலையத் தொட்டா பேரு வரும்" என்றார் மண் கலந்துகொண்டிருந்த அக்கா. கண்ணை மூடிக்கொண்டு நாலு இலையைத் தொட்டு நாலு பெயரும் சரியாகச் சொன்னார்!

பின்மூலையில் ஒரு சின்னக் கொட்டகை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வார்டு'. வாடியது, பூச்சி விழுந்தது, வாங்கிப் போனவர்கள் தண்ணீரை அளவில்லாமல் ஊற்றி அழுகவைத்துத் திருப்பிக் கொண்டுவந்தது, எல்லாம் அங்கேதான். இடம் மாற்றி வைத்தாலே முகம் தொங்கிப்போகும் ஒரு செடிக்கு 'புது மருமக' என்று பெயர். காலையில் வந்ததும் எல்லோரும் முதலில் எட்டிப் பார்ப்பது அவளைத்தான். வாடிக்கையாளர் கண்ணில் இந்தக் கொட்டகை படவே கூடாது என்பது நானாவின் கட்டளை. நான் பார்த்துவிட்டேன்!

பை நிரப்புகிற பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிப் பேர் தோட்டத்தில் தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் வேலை பார்த்தவர்கள். அந்தக் கை வேகம் வேறு எங்கும் கிடைக்காது. மேல்மண், மணல், மக்கிய மாட்டெரு, தும்புத்தூள். ஒரு அள்ளு, பொலித்தீன் பையை நிலத்தில் இரண்டு தட்டு, பெருவிரலால் ஓரத்தை ஒரு அமுக்கு, அடுத்த பை. வாய் மட்டும் ஓயவில்லை. யார் வீட்டில் பெயின்ட் அடித்தாயிற்று, யார் வீட்டில் பலகாரச் சட்டி ஏறியாயிற்று என்று ஊர்க்கதை முழுக்க அந்த வட்டத்தில் ஓடுகிறது. மூக்கு நுனியில் வியர்வை சொட்ட, சேறு படாத முழங்கையால் துடைத்துக்கொள்கிறார்கள். சிங்களத் தம்பி ஒருவன், எல்லோருக்கும் அவன் 'மல்லி', தேத்தண்ணிக் கேத்தலோடு வர, "மல்லி, சீனி போட்டியா, மண்ணு போட்டியா?" என்று ஒரு குரல். அவன் அசராமல் "ரெண்டும்" என்றான்.

இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்டேன். நமக்கு நாலு பருவம் கிடையாதே. ஆனால் மாசி, பங்குனியின் காய்ச்சல் முடிந்து சித்திரையில் பின்னேர இடிமழை தொடங்கும் நேரம் இருக்கிறதே, அதுதான் இந்த மலையின் வசந்தம். நுவரெலியாவில் ஏப்ரலை வசந்த காலம் என்றே கொண்டாடுகிறார்கள். முள்முருங்கை சிவப்பாகப் பூத்து வருடம் பிறக்கப்போவதைச் சொல்லும். இப்போது குழி வெட்டி எரு போட்டு வைத்தால், வைகாசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது கன்று வேர் பிடித்துவிடும். அதனால் வருடத்தின் பெரிய வியாபாரம் இந்தச் சில வாரங்களில்தான்.

கடை திறந்தது. நான் வலைக்குப் பின்னால் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். புது வீடு கட்டிய ஒரு கணவன், மனைவி. அவர்களுக்கு ரொபரோசியா வேண்டும். ஏப்ரலில் இலையைக் கொட்டிவிட்டு முழு மரமும் ரோஸ் நிறத்தில் நிற்குமே, அந்த ஆசை. நானா செடியை எடுக்கவே இல்லை, கேள்விகளை எடுத்தார். "கரண்ட் கம்பி எந்தப் பக்கம்? செப்டிக் டேங்க் எங்க? பின்னேர வெயில் எந்தச் சுவர்ல விழுது? பக்கத்து வீட்டுக்காரரோட பேச்சுவார்த்தை இருக்கா?" கடைசிக் கேள்விக்குப் பின்னால் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உண்மையில் அதுதான் முக்கியமான கேள்வி. மதிலிலிருந்து நாலடியில் நட்ட மரம் இருபது வருடத்தில் இரண்டு வீட்டுக்கும் வழக்காகிவிடும்.

ரொபரோசியா வீதியோர மூலைக்குப் போனது. வாசலுக்கு அவர் எடுத்துக் கொடுத்தது நாகமரக் கன்று. 1986 முதல் இலங்கையின் தேசிய மரம். மெதுவாக வளரும். தளிர் இரத்தச் சிவப்பில் வந்து பிறகு பச்சையாகும், பூ வருமுன்பே அது ஒரு பூ. "எப்ப பூக்கும் நானா?" என்று கணவர் கேட்க, "உங்க மகன் பறிப்பான்" என்றார். அந்த அம்மாவுக்கு அந்தப் பதில் எவ்வளவு பிடித்தது தெரியுமா! கன்றை வேறு யாரிடமும் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். மரத்தின் அடியில் வைக்க வருடக்கணக்கில் நிற்கும் செடிகள்: கல்வாழை, குட்டை ஹெலிக்கோனியா, ஓரத்துக்கு எக்ஸோரா. ஒரு தடவை நட்டால் போதும், பிறகு கல்வாழையையும் ஹெலிக்கோனியாவையும் பிரித்துப் பிரித்து அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம்.

அப்போதுதான் அந்த அம்மா கேட்டார்: "தரையில படர்ந்து மஞ்சளாப் பூக்குமே, அது இருக்கா?"

நானா தலையை ஆட்டினார். வெடேலியா. அழகுக்காகக் கொண்டுவந்த செடி, இன்று இலங்கையின் ஆக்கிரமிப்புத் தாவரங்களில் ஒன்று. ஒரு கணு மண்ணில் பட்டாலே வேர்விடும், கான் ஓரமெல்லாம் மூடிவிடும். "வித்தா காசுதான். ஆனா கீழ ஆத்துக்கு நான் பதில் சொல்லணுமே" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். இந்த வலைக்குப் பின்னால் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த வார்த்தை இதுதான். செடி தேர்வதும் களை பிடுங்குவதும் தனித்தனி வேலை என்று நினைத்திருந்தேன். இங்கே இரண்டும் ஒரே வேலை. பல களைகள் ஒரு காலத்தில் யாரோ ஆசைப்பட்டுத் தேர்ந்த செடிகள்தான்.

மத்தியானம் நானாவின் லொறியில் இன்னொரு விருந்து. கெலிஓயா தாண்டிப் பேராதனை! கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு 1371இல் மகாவலி வளைந்து போகும் இந்த இடத்தில்தான் அரசவை வைத்திருந்தான். 1821இல் அலெக்சாண்டர் மூன் இங்கே தாவரவியல் தோட்டத்தைத் தொடங்கினார். இன்று 147 ஏக்கர். கூட்டம் புல்வெளியில் படம் எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் தெரிந்த தோட்டக்காரர் ஒருவரோடு பாத்திகளின் மறுபக்கம் நின்றோம். மேலே வௌவால்கள் சண்டை பிடிக்கின்றன. கீழே பெண்கள் குந்தியிருந்து, பூச்செடிகளுக்கு இடையில் விரலை விட்டுப் புல் எடுக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சாக்கு, ஒரு தண்ணீர்ப் போத்தல், மடித்து வைத்த குடை. நாம் பார்த்து மகிழும் அந்தச் சுத்தமான பாத்தி இந்தக் குந்தலில்தான் பிறக்கிறது.

லொறியில் திரும்பும்போது நானா பட்டியல் போட்டார், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மலையெங்கும் முள்ளாக நிற்கும் நாயுண்ணி 1826இல் இந்தத் தோட்டத்தின் வழியாகத்தான் பூச்செடியாக நாட்டுக்குள் வந்தது. ஊதா நிற இலையடியோடு காடுகளுக்குள் ஏறிவிட்ட மிக்கோனியா 1888இல் வந்தது. குளங்களை மூடிய ஆகாயத்தாமரையையும் அழகுக்காகத்தான் கொண்டுவந்தார்கள். அதைத் தடுக்க 1909இல் தனியாக ஒரு சட்டமே போடவேண்டி வந்தது. ஒரு பூவுக்கு எதிராக ஒரு சட்டம்! இப்படிப் பரவும் என்று கொண்டுவந்தவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். இன்று நமக்குத் தெரியும், அதுதான் வித்தியாசம்.

கடைக்குப் பின்னாலேயே ஆற்றங்கரை. அக்கா என்னை அங்கே இறக்கினார். முழங்கால் உயரத்தில் ஒரு செடி, தொட்டதும் இலை மூடியது. தொட்டாற்சுருங்கிதானே என்று சந்தோஷமாகக் குனிந்தேன். தண்டெல்லாம் முள். "இது அதோட பெரியண்ணன்" என்றார். ராட்சதத் தொட்டாற்சுருங்கி. இலங்கையில் 1996இல் மகாவலிக் கரையில்தான் முதலில் கண்டார்கள். சொர சொரவென்ற காய் துண்டு துண்டாக உடைந்து தண்ணீரில் மிதந்து போகும். ஒரு வெள்ளத்தில் கீழே உள்ள கரை முழுவதும் விதை இறங்கிவிடும். அதனால் பூக்குமுன் வேரோடு எடுக்கவேண்டும். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஒரே இழுப்பு! மண்ணோடு வந்தது.

பிறகு தவறணைப் பாத்தியில் கோரை. இதை இழுக்கவே கூடாது என்று பாடம் எடுத்தார். மேலே உள்ள புல் கையோடு வந்துவிடும், கீழே கிழங்கு சிரித்துக்கொண்டு இருக்கும். முள்ளுக்கரண்டியைத் தள்ளிக் குத்தி, மண்ணை மெல்ல நெம்பி, நூல் மாதிரி ஓடும் வேரைப் பிடித்துக்கொண்டே போனார். ஒரு கிழங்கு, அரை சாண் தள்ளி இன்னொன்று, அதற்குப் பின் மூன்றாவது. கறுப்பாக, மஞ்சாடியை விடக் கொஞ்சம் பெரிதாக. நகத்தால் கீறி என் மூக்கருகில் நீட்டினார். என்ன வாசம்! பகைக்கும் ஒரு வாசம் வைத்திருக்கிறது இயற்கை.

மருந்து அடிக்கலாமே என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரு கதை இருக்கிறது. கிளைபொசேட் களைநாசினியை 2015இல் நாட்டில் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். அந்த வருடங்களில் சுரண்டி பிடித்த கை இந்த அக்காவின் கை. "பூப்பாத்தியில மருந்து அடிச்சா காத்து எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியாது. பூவும் சேர்ந்து போயிரும்" என்றார். அவருடைய முறை சின்னது: பூக்குமுன் பிடுங்கு, வெறும் மண்ணை வெயிலுக்குக் காட்டாதே, காய்ந்த இலையோ தும்புத்தூளோ இரண்டு விரல் கனத்துக்குப் போடு, தண்டை மட்டும் தொடவிடாதே.

நாலு மணி. மலைக்குப் பின்னால் கறுத்தது. ஒரு இடி. நான் கூரைக்கு ஓடினேன், மற்ற எல்லோரும் எதிர்த்திசையில் ஓடினார்கள்! வார்டுக் கொட்டகையிலிருந்து செடிகளைத் தூக்கித் தூக்கி வெளியே வைக்கிறார்கள், இந்த வருடத்தின் முதல் நல்ல மழையில் நனையட்டும் என்று. மல்லியின் இரண்டு கையிலும் நான்கு யோகட் கப். நானா சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு ரைஸ் குக்கரைத் தூக்கி வருகிறார். எல்லோரும் தொப்பலாக நனைந்து சத்தம் போட்டுச் சிரிக்கிறார்கள். "பார்த்துக்கிட்டு நிக்காதீங்க தங்கச்சி," அக்கா மழைக்குள்ளிருந்து கத்துகிறார், "புது மருமகளத் தூக்குங்க, அவளுக்குத்தான் முதல்ல!"