பட்டணத்தில் என்ன இருக்கு?



'கெட்டும் பட்டணம் சேர்' என்று ஒரு பழமொழி உண்டு. சொந்த ஊரில் பிழைக்க வழியில்லாமல் போனாலும், பட்டணத்துக்குப் போனால் எப்படியாவது பிழைத்துக் கொள்ளலாம் என்பது அதன் பொருள். ஆனால், சென்னையில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். 'குழாயில தண்ணி வரல, பஸ்ல நிக்க இடமில்ல, வெயில் மண்டையப் பிளக்குது, ராத்திரியில கொசு தூங்க விடல' என்று நீளமான பட்டியல் வாசிப்பார்கள். லீவு விட்டதும் தாத்தா ஊருக்கு ஓடத் துடிப்பார்கள்.

பட்டியலில் உள்ளது எதுவும் பொய்யில்லை. ஆனால், ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலேயும் ஒரு சின்ன சந்தோஷமும் ஒளிந்திருக்கிறது. தேடிப் பார்ப்போமா?

குடங்கள் நிற்கும் வரிசை

சென்னையில் மனிதர்களுக்குப் பதிலாகக் குடங்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பச்சை, மஞ்சள், ஊதா, சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள் தெருவோரம் காத்திருக்கும். தண்ணீர் லாரி திரும்பும் சத்தம் கேட்டதும், குடத்துக்குச் சொந்தக்காரர்கள் ஓடி வருவார்கள்.

இவ்வளவு பெரிய நகரத்துக்கு ஏன் இந்தப் பாடு? ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு ஒன்றும் சென்னையில் இல்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகளைத்தான் நகரம் பெரிதும் நம்பியிருக்கிறது. இந்த நான்கும் நிரம்பி வழிந்தால் ஏறத்தாழ 11 டி.எம்.சி. தண்ணீர் இருக்கும். ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி! அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால், அடுத்த கோடையில் ஏரியின் தரை வெடித்துக் கிடக்கும்.

2019-ஆம் ஆண்டில் அப்படித்தான் ஆனது. நான்கு ஏரிகளும் வறண்டன. அந்த ஆண்டு ஜூலை 12-ம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர்! ஆனால், அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரில், இதே நகரம் வெள்ளத்தில் மிதந்தது. மழையைச் சேர்த்து வைக்கத் தெரியாவிட்டால், ஒரு வருஷம் தண்ணீரில் தவிப்போம். இன்னொரு வருஷம் தண்ணீருக்குத் தவிப்போம். 2003-ல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது இதற்காகத்தான். உங்கள் வீட்டில் அந்தக் குழாய் எங்கே இருக்கிறது, இலை அடைத்துக் கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அந்த 2003-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். ஒரு மாணவி வாரத்தில் இரண்டு, மூன்று நாட்கள் தாமதமாக வருவாள். பாவாடை முழுக்க நனைந்திருக்கும். "லாரி வந்துச்சு சார்" என்பாள். அவளுக்கு முதல் பாடவேளைக் கணக்கு பாதி போய்விடும். இதை யாரும் சொல்லாமலே கவனித்தார்கள், அதே தெருவில் இருந்த இரண்டு பிள்ளைகள். மறுவாரம் அவளுடன் சேர்ந்து குடம் தூக்கினார்கள். முதல் நாள் மூன்று பேருமே தாமதம்! வகுப்பே சிரித்தது. ஆனால், அடுத்த நாளிலிருந்து மூன்று பேரும் மணி அடிக்கும் முன்பே வந்துவிட்டார்கள். ஆண்டு முடிவில் அந்தப் பெண் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். தண்ணீர்ப் பஞ்சம் என்றால் தாகம் மட்டும் இல்லை, செல்லங்களே. ஒரு பிள்ளையின் படிப்பும் அந்தக் குடத்தில்தான் இருக்கிறது.

கை மாறும் காசு

அடுத்த தொல்லை பஸ். காலை எட்டரை மணிக்கு மாநகரப் பேருந்தில் ஏறியவர்களுக்குத் தெரியும். ஒரு காலை ஊன்றினால் இன்னொரு காலுக்கு இடம் இருக்காது. புத்தகப் பை ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம்!

ஆனால், அந்த நெரிசலிலும் ஓர் அதிசயம் நடக்கும். கவனித்திருக்கிறீர்களா? கண்டக்டர் பின்பக்கம் இருப்பார். முன்னால் நிற்பவர், "ஒரு சைதாப்பேட்டை, கொஞ்சம் பாஸ் பண்ணுங்க" என்று பணத்தை நீட்டுவார். அது அஞ்சாறு கை மாறிக் கண்டக்டரிடம் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். யாருக்கும் யாரையும் தெரியாது. ஆனாலும் பைசா குறையாது! இப்படி ஒருவரை ஒருவர் நம்பித்தான் பட்டணம் நடக்கிறது.

இன்னொன்று, கண்டக்டரின் விசில். ஒரு விசில் என்றால் 'நிறுத்து', இரண்டு விசில் என்றால் 'போகலாம்'. டிரைவர் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. பஸ் பிடிக்கவில்லையா? கடற்கரை - தாம்பரம் தடத்தில் 1931-லிருந்தே மின்சார ரயில் ஓடுகிறது. 2015 முதல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. எதில் போனாலும் சரி, படியில் தொங்காதீர்கள். அடுத்த பஸ் கட்டாயம் வரும். போன உயிர் வராது.

பிற்பகலில் வரும் விருந்தாளி

சென்னை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2003 மே 31-ல் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அப்படிப்பட்ட ஊருக்கு இயற்கை ஒரு விருந்தாளியை அனுப்புகிறது. அதுதான் கடல் காற்று.

பகலில் வெயில் பட்டதும் நிலம் சீக்கிரம் சூடாகும். கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி லேசாகி மேலே போகும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வரும். மேற்கிலிருந்து வீசும் அனல் காற்று பலமாக இருந்தால், கடல் காற்று உள்ளே வரத் தாமதமாகும். அன்றைக்குத்தான் வெயில் வாட்டி எடுக்கும்! அடுத்த முறை பிற்பகலில் மொட்டை மாடித் துணிகள் திடீரென்று மேற்குப் பக்கமாகப் படபடத்தால், விருந்தாளி வந்துவிட்டார் என்று தெரிந்து கொள்ளுங்கள்.

சுண்டலும் ஆமையும்

கடல் காற்று வாங்க மெரினாவுக்குப் போவோம். அங்கே நடைபாதை அமைக்கப்பட்டது 1884-ல், கிராண்ட் டப் கவர்னராக இருந்தபோது. தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டலைக் காகிதப் பொட்டலத்தில் வாங்கி, மணலில் கால் நீட்டிச் சாப்பிடும் சுகம் எந்தப் பெரிய ஓட்டலிலும் கிடைக்காது. ஆனால் ஒன்று, அலையில் கால் நனைக்கலாம், குளிக்கக் கூடாது. அங்கே நீரோட்டம் பலமானது. நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும்.

இந்தக் கரைக்கு இன்னொரு விருந்தாளியும் உண்டு. பங்குனி ஆமை! ஆண்டின் தொடக்க மாதங்களில் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகள் இடும். ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வரும். குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம் போகும். முன்பு கடல்தான் வெளிச்சமாக இருந்தது. இப்போது சாலை விளக்குகள்! பாவம், வழி தவறிச் சாலைப் பக்கம் வந்துவிடும். அதனால் சென்னையில் மாணவர்களே ஒரு குழுவாகச் சேர்ந்து, 1988 முதல் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். நாம் தூங்கும் நேரத்தில், நம் ஊரில் இப்படியும் சிலர் விழித்திருக்கிறார்கள்.

காடும் நூலகமும்

நகரத்தின் நடுவிலேயே காடு இருக்கும் ஊர்கள் குறைவு. கிண்டியில் இருக்கிறது! 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வெளிமானும் புள்ளிமானும் அங்கே திரிகின்றன. எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. வெயில் நேரத்தில் நிழலும் கிடைக்கும், கதையும் கிடைக்கும்.

வீட்டுப்பாடம்!

வாத்தியார் எழுதினால் வீட்டுப்பாடம் இல்லாமலா? ஒரு குழாய் சொட்டுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு. 20 சொட்டு சேர்ந்தால் ஏறத்தாழ 1 மில்லி லிட்டர். ஒரு நாளைக்கு 86,400 நொடிகள். அப்படியானால் ஒரு நாளில் எவ்வளவு வீணாகும்?

கணக்குப் போட்டீர்களா? 4,320 மில்லி லிட்டர். அதாவது நான்கு லிட்டருக்கு மேல்! நான்கு நாள் விட்டால் ஒரு குடமே நிறைந்துவிடும். அந்த ஒரு குடத்துக்காகத்தான் அந்த மாணவி வகுப்பைப் பாதி இழந்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில், பள்ளியில், தெருவில் சொட்டும் குழாய்களை எண்ணுங்கள். அடியில் ஒரு டம்ளரை வைத்து, நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். அந்தக் கணக்கை அப்பா, அம்மாவிடமும் தலைமை ஆசிரியரிடமும் காட்டுங்கள். வெறும் புகாருக்கு, 'பார்க்கலாம்' என்று பதில் வரும். கணக்கோடு போனால் பிளம்பர் வருவார்!

என்ன செல்லங்களே, டம்ளரை எடுத்து வைத்துவிட்டீர்களா?