சின்னஞ்சிறு மூட்டுகள், பெரும் பொறுப்பு!

ஆகாயத்தில் ஏறுவது அரிய செயல்தான். ஏறியதை அடக்கி ஆள்வது அதனினும் அரியது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் குருதுபா நகரில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், உடலில் இறகுகளைப் பொருத்திக்கொண்டு உயரத்திலிருந்து பறந்து பார்த்தார் என்று பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதிவைத்துள்ளார். சிறிது தூரம் பறந்தாராம், இறங்கும்போது அடிபட்டதாம். பறவை தன் வாலின் துணையால் இறங்குவதை அவர் கருத்தில் கொள்ளவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தூக்கிச் செல்லச் சிறகு இருந்தது. கட்டுப்படுத்த வால் இல்லை!

இன்று ரிமோட் கண்ட்ரோலால் இயங்கும் மாதிரி ஹெலிகாப்டர்கள் இல்லங்களுக்குள் வந்துவிட்டன. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் தந்தையோ மாமாவோ வாங்கிவரும் சிறு பொம்மையில் தொடங்கும் ஆர்வம், பிள்ளை வளர வளர, உண்மை ஹெலிகாப்டரின் அளவைச் சுருக்கி அச்சு அசலாகச் செய்யப்படும் பெரிய மாதிரிகள்வரை செல்கிறது. நல்ல பொழுதுபோக்கு, அறிவை வளர்ப்பதும்கூட. ஆனால், இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு பகுதி உண்டு. கைக்கட்டளையை இறக்கைக்குக் கொண்டு சேர்க்கும் இணைப்புத் தண்டுகளும் அவற்றின் மூட்டுகளுமே அவை. உங்கள் வீட்டில் இத்தகைய மாதிரி ஒன்று இருக்குமானால், இக்கட்டுரை உங்களுக்காகவே.

கட்டளை செல்லும் பாதை

ரிமோட்டின் குச்சியை நீங்கள் நகர்த்துகிறீர்கள். ரேடியோ அலை ஹெலிகாப்டரை அடைகிறது. அங்கே சர்வோ எனப்படும் சிறு மோட்டார், தன் கையைச் சில டிகிரி திருப்புகிறது. அக்கையில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் பருமனுள்ள உலோகக் குமிழ் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனைப் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று கவ்வியிருக்கும். அதிலிருந்து ஓர் எஃகுத் தண்டு மேலே சென்று, மற்றொரு கிண்ணத்தின் வழியாக ஸ்வாஷ் பிளேட் என்னும் வட்டத் தட்டைத் தள்ளும் அல்லது இழுக்கும். அத்தட்டின் கீழ்வளையம் சுழலாது. மேல்வளையம் இறக்கைகளோடு சேர்ந்து சுழலும். மேல்வளையத்திலிருந்து புறப்படும் தண்டுகள் இறக்கைகளின் சாய்வை மாற்றும். உடனே ஹெலிகாப்டர் ஏறும், இறங்கும், முன்னே பின்னே செல்லும்.

ரேடியோ அலையின் வேலை சர்வோவோடு முடிந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். அதற்கப்பால் எல்லாம் தண்டும் குமிழும்தான். ஒரு மூட்டுக் கழன்றால் சாதாரண ரிமோட்டுக்கு அது தெரியாது. சர்வோ பணிவோடு திரும்பிக்கொண்டேயிருக்கும். இறக்கையோ கட்டளைக்குக் கட்டுப்படாது. அச்சாணி இல்லாத் தேர் முச்சாணும் ஓடாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இதில் மாதிரிகளுக்கும் உண்மை ஹெலிகாப்டருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அமெரிக்காவைச் சேர்ந்த ஆர்தர் யங் 1928 முதல் பல ஆண்டுகள் சிறு மாதிரிகளைச் செய்து, உடைந்ததை மீண்டும் செய்து, ஆராய்ந்த பிறகே 1941இல் பெல் நிறுவனத்தில் சேர்ந்தார். அவருடைய உழைப்பில் உருவான பெல் 47, 1946 மார்ச் 8ஆம் நாள் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரிமம் பெற்றது. சிறு மாதிரியில் கற்ற பாடமே பெரிய ஊர்தியைப் பறக்கவைத்தது.

விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள்

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். சுழலி வட்டத்தின் குறுக்களவு 1.35 மீட்டர் உள்ள ஒரு மாதிரி, நிமிடத்துக்கு 1500 முறை சுழல்வதாகக் கொள்வோம். இறக்கை நுனி வினாடிக்கு ஏறத்தாழ 106 மீட்டர் செல்கிறது. மணிக்கு 380 கிலோமீட்டர் வேகம்! 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் நகரின் பூங்கா ஒன்றில், தாம் இயக்கிய மாதிரி ஹெலிகாப்டரே தாக்கி 19 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். பழக்கமுள்ள கைக்கும் இது ஆபத்தானது என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று.

மற்றுமொரு கணக்கு. இறக்கையின் பிடியிலிருந்து நீளும் கையின் நீளம் 20 மில்லிமீட்டர் என்க. தேய்ந்த மூட்டில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவு ஆட்டம் இருந்தால், இறக்கையின் சாய்வில் ஏறத்தாழ ஒரு டிகிரி தடுமாற்றம் ஏற்படும். ஓரிடத்தில் மிதந்து நிற்கவே 5, 6 டிகிரிச் சாய்வுதான் தேவைப்படுகிறது. அதில் ஒரு டிகிரி நம் கட்டுப்பாட்டில் இல்லை என்றால்? அதிர்வு மிகும், அதிர்வு மூட்டை மேலும் தேய்க்கும், தேய்ந்த மூட்டு மேலும் அதிரும். சிறு குறை தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும்.

பரிசோதிக்கும் முறை

முதலில் பாதுகாப்பு. இறக்கைகளைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியால் இயங்குவதாயின், சுழலியைச் சுழற்றும் மோட்டாரின் இணைப்பைத் துண்டித்த பிறகே சர்வோக்களுக்கு மின்சாரம் கொடுங்கள்.

ஒவ்வொரு மூட்டையும் விரல்களால் மெல்ல அசைத்துப் பாருங்கள். குமிழின்மேல் தடையின்றித் திரும்ப வேண்டும். ஆனால், முன்னும் பின்னும் ஆடக் கூடாது. ஒரு முனையைக் கழற்றித் தண்டை உயர்த்திவிட்டால், அது தன் எடையாலேயே இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் பிடி இறுக்கமாக உள்ளது. அதற்கென விற்கும் சிறு கருவியால் கிண்ணத்தைப் பதப்படுத்தலாம். இறுக்கமான மூட்டைத் தள்ள முயலும் சர்வோ, சும்மா நிற்கும்போதும் முனகும், சூடேறும், மின்சாரத்தை விரயமாக்கும். அம்முனகலைக் கேட்டால் காரணத்தைத் தேடுங்கள். மூட்டு ஆடுகிறதென்றால் வேறு மருத்துவம் இல்லை. புதிய கிண்ணம் மாற்றுவதே வழி.

பல நிறுவனங்களின் கிண்ணங்களில் ஒரு பக்கம் எழுத்து அச்சாகியிருக்கும். பொதுவாக அப்பக்கம் வெளியே தெரியும்படிப் பொருத்த வேண்டும். திருப்பிப் பொருத்தினால் பிடி சரியாக அமையாது. செய்முறைக் குறிப்பேட்டில் காட்டியுள்ளபடியே செய்யுங்கள். கழற்றுவதற்கு அதற்குரிய குறடு உண்டு, திருப்புளியால் நெம்பாதீர்கள். கழற்றும் ஒவ்வொரு முறையும் கிண்ணத்தின் விளிம்பு சிறிது தேயும். ஆகவே, தேவையின்றிக் கழற்றவும் வேண்டா.

தண்டின் மரை இரண்டு கிண்ணங்களுக்குள்ளும் சம அளவில், போதிய ஆழம் சென்றிருக்க வேண்டும். நீளம் போதவில்லை என்பதற்காக நுனி மரையில் மட்டும் தொங்கவிடுவது ஆபத்தை அழைப்பதாகும். நீளமான தண்டே வாங்கிப் பொருத்துங்கள். உலோகத்தில் உலோகம் பதியும் திருகாணிகளை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, மரைப்பசை சிறு துளி இட்டு முடுக்குங்கள். அப்பசை சில வகைப் பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யும். பிளாஸ்டிக் உறுப்புகளில் அது படக் கூடாது. கிண்ணங்களுக்கு எண்ணெய் இடும் பழக்கமும் நல்லதன்று. எண்ணெய் தூசியை ஈர்க்கும். தூசி கலந்த எண்ணெய் அரம்போல் அராவும். உலர்ந்த துணியால் துடைப்பதே போதும்.

சர்வோவின் கை நடுநிலையில் நிற்கும்போது தண்டோடு செங்கோணத்தில் அமைகிறதா என்று பாருங்கள். இல்லையேல் ஒரு பக்கம் அதிகமும் மறுபக்கம் குறைவுமாக இயங்கும். சுழலும்போது இரண்டு இறக்கைகளும் வெவ்வேறு உயரத்தில் தெரிந்தால், பெரும்பாலும் அவற்றின் தண்டு நீளங்கள் சமமாக இல்லை என்பது பொருள். நிறுத்திவிட்டு, ஒன்றை அரைச்சுற்றோ ஒரு சுற்றோ திருப்பிச் சமன் செய்யுங்கள். சுழலும்போது அருகில் சென்று பார்க்கவே கூடாது.

வால்சுழலிக்குச் செல்லும் நீண்ட தண்டு தனிக் கவனத்துக்குரியது. அது வழிகாட்டி வளையங்களுக்குள் உரசாமல் நழுவ வேண்டும். தள்ளும்போது வில்லாக வளையக் கூடாது. ஒருமுறை விழுந்த மாதிரியாயின், வளைந்த தண்டை நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் பிளாஸ்டிக் கிண்ணத்தில் இருக்கக்கூடும். அடிபட்ட பகுதியின் கிண்ணங்களை மாற்றிவிடுங்கள். மொத்த மாதிரியின் விலையோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை அற்பமே. அதை மிச்சப்படுத்தி முழு மாதிரியையும் இழப்பதல்லவா உண்மையான வீண்விரயம்?

உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்?

பெல் 47 போன்ற மாதிரியில் பெரும்பகுதி திறந்தே இருப்பதால் மூட்டுகளை எளிதில் காணலாம். முழு உடற்கூடு கொண்ட மாதிரிகளில் நிலைமை வேறு. பளபளக்கும் வண்ணம், சன்னல்கள், உள்ளே சிறு இருக்கைகள் என வெளித்தோற்றம் கண்ணைப் பறிக்கும். ஆனால், அந்த அழகே மூட்டுகளை மறைத்துவிடுகிறது! கூட்டைக் கழற்றுவது சிரமம் என்பதால் பரிசோதனையும் தள்ளிப்போகிறது. கட்டும்போதே, முக்கிய மூட்டுகளுக்கு நேராகத் திறந்து மூடும் சிறு கதவுகள் வையுங்கள். கைவிரலும் விளக்கொளியும் செல்ல முடியாத இடத்தில் எந்த மூட்டையும் அடைத்துவிடாதீர்கள்.

மூட்டின் மதிப்பை உலகுக்கு உணர்த்திய துயரம் ஒன்றுண்டு. 2018 அக்டோபர் 27ஆம் நாள் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், கால்பந்து மைதானத்திலிருந்து எழும்பிய ஹெலிகாப்டர் கட்டுப்பாடிழந்து சுழன்று விழுந்தது, ஐவர் மாண்டனர். வால்சுழலியின் பேரிங் ஒன்று பழுதாகி இறுகியது. அதனால் சுழலக் கூடாத கட்டுப்பாட்டுத் தண்டு சுழன்றது. அதன் முனையிலிருந்த மரை கழன்றது. விமானியின் கால்மிதிக்கும் வாலுக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. 2023 செப்டம்பரில் வெளியான அரசு விசாரணை அறிக்கை கண்டறிந்த வரிசை இது. பராமரிப்பு விதிகளின்படியே நடந்திருந்தும், அந்தக் குறை உள்ளே மறைந்திருந்தது. பெரிய ஊர்தியில் யாரும் காண முடியாதது, சிறிய மாதிரியில் உங்கள் விரல் நுனிக்கு எட்டுகிறது. எட்டியும் பார்க்காமல் விடலாமா?

பெற்றோர்களே! மூட்டு தளர்ந்திருப்பது மைதானத்தில் நிற்கும் எவருக்கும் தெரியாது. கையில் ரிமோட்டை வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். சுற்றி நிற்போரின் உயிர் அவ்வேளையில் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். “இன்று ஒரு மூட்டு ஆடுகிறது, பறக்கவிட வேண்டா” என்று உங்கள் பிள்ளை தானாகவே சொல்லித் திரும்பி வருவானாகில், அவன் கற்றது இயந்திரக் கலை மட்டுமன்று. அந்நாளில் ஏமாற்றம் அடையாதீர்கள், பாராட்டுங்கள். பரிசோதித்த நாள், மாற்றிய உறுப்பு ஆகியவற்றை எழுத ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கிக் கொடுங்கள். ஒருவர் பார்த்ததை வீட்டிலுள்ள மற்றொருவர் மறுமுறை பார்ப்பது நல்லது. இளங்கண்கள் சிறு கீறலையும் கண்டுபிடித்துவிடும்.

ஒட்டகத்தைக் கட்டிவைத்த பிறகே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தியை நாம் எல்லோரும் அறிவோம். ‘பிஸ்மில்லாஹ்’ கூறி மாதிரியை வானில் ஏற்றுமுன், ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்ப்பதும் அந்த வழிகாட்டுதலைப் பின்பற்றுவதே. மறைவானவற்றிலும் நேர்மையாய் நடக்கும் நற்பண்பை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.