சதுக்கத்தில் யாருக்கு இடம்?

அதிகாலையில் அரக்கோணத்திலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் வரும் மின்சார ரயில்கள் சென்னை மூர்மார்க்கெட் வளாகத்தில் ஆட்களை இறக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டவர்கள் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். முதலில் இறங்குகிறவர்கள் கீரைக்கட்டும் பூக்கூடையும் சுமந்த பெண்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், ஜி.எச்.சில் துப்புரவு வேலை பார்க்கிறவர்கள். பேச்சுக் கொடுத்தால் பாதிப்பேர் ஏதோ ஒரு காலனியின் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயரிலேயே நமக்கு எல்லாம் புரிந்துவிடும்.

இந்த வாசலைச் சுற்றித்தான் 'சென்ட்ரல் சதுக்கம்' உருவாகியிருக்கிறது. 1873இல் எழுந்த சென்ட்ரல் ரயில் நிலையம், 1900இல் கட்டப்பட்டு 1985இல் எரிந்துபோன மூர்மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம், அடுத்து விக்டோரியா பொது மண்டபம், ரிப்பன் மாளிகை. சாலைக்கு எதிர்ப்பக்கம் பூங்கா நிலையமும் ஜி.எச்.சும். 2018 மே மாதம் மெட்ரோ ரயில் இங்கே வந்தது. மறுஆண்டு பிப்ரவரியில் இரண்டாவது தடமும் இணைந்தது. இத்தனையையும் சுரங்கப் பாதையாலும் நடைபாதையாலும் கோத்து, புல்வெளி போட்டு, வாகனம் நிறுத்த நிலத்தடியில் இடம் ஒதுக்கி, ஒரே பொதுவெளியாக ஆக்குவதுதான் திட்டம். நல்ல திட்டம். முன்பு பூந்தமல்லி நெடுஞ்சாலையை உயிரைப் பிடித்துக்கொண்டு குறுக்கே கடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

தமிழ் படித்தவன் என்பதால் 'சதுக்கம்' என்ற சொல்லிலேயே எனக்குக் கொஞ்சம் நின்றுவிடத் தோன்றுகிறது. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்து ஐந்து மன்றங்களில் ஒன்று பூத சதுக்கம். பொய்ச்சாட்சி சொல்பவர்களையும் தவறு செய்யும் அதிகாரிகளையும் அங்கிருக்கும் பூதம் பிடித்துத் தின்னும் என்பது ஐதீகம். நாற்சந்தியில் நியாயம் நிற்க வேண்டும் என்ற ஆசை அவ்வளவு பழையது. ஆனால் நாம் பிறந்த ஊர்களில் மன்றமும் மந்தையும் சாவடியும் யாருக்குப் பொதுவாக இருந்தன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அதைச் சட்டத்தின் மொழியில் கேட்டவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் எதிலும் யார் நடமாடுவதற்கும் தடை இருக்கக் கூடாது என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பின்னாளில் ந. சிவராஜ் இதே ரிப்பன் மாளிகையில் மேயராக அமர்ந்தார். 2022இல் முதல் தலித் பெண் மேயர் ஆர். பிரியா அங்கே வந்தார். உள்ளே போகும் வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. வாசலில் உட்காருவதுதான் இன்னும் சிக்கலாக இருக்கிறது.

2025 ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் 1ஆம் தேதி முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெண்களே அதிகம். வெயிலிலும் மழையிலும் பதின்மூன்று நாள். நடைபாதையை மறிக்கக் கூடாது, அனுமதி இல்லாத இடம் என்று உயர்நீதிமன்றம் சொல்ல, 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேச வேறு நாள் இருக்கிறது. இங்கே நான் கேட்பது வடிவமைப்பைப் பற்றி. மாநகராட்சித் தலைமையகத்தின் முன்னால் ஒரு பொதுவெளியைத் திட்டமிடுகிறவர்கள், அந்த மாநகராட்சியிடம் முறையிட வருகிற மக்கள் எங்கே நிற்பார்கள் என்று ஒரு கோடாவது வரைந்தார்களா? கழிப்பறைக்கு எங்கே போவார்கள் என்று? அந்த இடத்தைத் தினமும் கூட்டுகிற கைகளுக்கு உட்கார அங்கே நடைபாதைதான் கிடைத்தது.

அடுத்தது வியாபாரம். ரயில் நிலைய வாசல் என்றாலே சுண்டல், கொய்யா, பூ, டீ. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இதை ஒப்புக்கொள்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்று தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், பட்டியல் சாதியினருக்கும் உரிய இடம் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் முதல் பிரிவிலேயே ஓர் ஓட்டை: ரயில்வேக்குச் சொந்தமான நிலத்துக்கு இது பொருந்தாது. சதுக்கத்திலோ ரயில்வே நிலம், மெட்ரோ நிலம், மாநகராட்சி நிலம், நெடுஞ்சாலை என்று கல் பதித்த தரைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத எல்லைகள். கூடையோடு உட்காரும் அக்காவுக்கு இந்தப் பக்கம் பத்தடி தள்ளினால் சட்டப் பாதுகாப்பு, அந்தப் பக்கம் தள்ளினால் அபராதம். எல்லை எங்கே என்று அவருக்குச் சொல்ல ஒரு பலகைகூடக் கிடையாது. இடம் அழகாக அழகாக 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லும் அடிக்கடி காதில் விழும். நகரத்துக்குள் அந்தச் சொல்லைக் கேட்ட குடும்பங்கள்தான் இன்று செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கின்றன. பிழைப்புக்கு அங்கிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல் பஸ் பிடித்து இதே சென்ட்ரலுக்குத்தான் திரும்பி வருகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது என்பதால் பக்கத்து ரயில் நிலைய வாசலில் பெஞ்சில் சாய்ந்தேன். ஊர் பேர் வேண்டாம். காவலாளி வந்து எழுப்பினார். அவரும் நம்மைப் போன்றவர்தான், பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் லேப்டாப் பையோடு தூங்கிக்கொண்டிருந்தவரை அவர் எழுப்பவில்லை. என் பை துணிப்பை.

அதனால் வடிவமைப்பு என்றால் நான் செடி வகைகளைப் பற்றி யோசிப்பதில்லை. பெஞ்சின் நடுவே கைப்பிடிக் கம்பி வைத்தால் யாரும் படுக்க முடியாது. நோயாளியோடு வந்தவரும் முடியாது. புல்வெளி கண்ணுக்குக் குளிர்ச்சி, சித்திரை மாத மதியத்தில் வேப்பமரம்தான் நிழல். கட்டணக் கழிப்பறை அன்றாடக் கூலிக்குச் செலவு, காசில்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். எஸ்கலேட்டர் பழுதானால் கீரைக்கூடையை யார் சுமப்பது? இதையெல்லாம் வரைபடம் போடுகிற மேசையில் சொல்ல, கூடை சுமந்தவர்களில் ஒருவராவது உட்கார வேண்டும். ஓ.எம்.ஆர். வழியாக இரண்டாம் கட்ட மெட்ரோவின் வேலை நடக்கிறது. அந்த நிலையங்களின் வாசல்களும் இனிமேல்தான் முழு வடிவம் பெறும். கண்ணகி நகர், செம்மஞ்சேரி மக்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்க இப்போதும் நேரம் இருக்கிறது.

போன வாரம் காலை ஐந்தரை மணிக்கு அந்த வழியாகப் போனேன். சுரங்கப் பாதைப் படிக்கட்டு ஓரத்தில் மூன்று பெண்கள் சீருடை மாற்றிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் புடவையைத் திரையாகப் பிடித்திருந்தார்.